ஜீப்புக்கு ஒரு மூச்சுக்குழல்: இரும்பா, பிளாஸ்டிக்கா?

(மூன்றாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல் மாணவன்)

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகில் கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் நம் நகரில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. கிருஷ்ணா நகரில் சில இடங்களில் நீர்மட்டம் ஐந்தடியை நெருங்கியது. இராணுவத்தார் வந்து மக்களை மீட்டனர். அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பகுதியையும் சூழ்ந்தது.

இவை யாவும் நண்பர்கள் கண்ணாரக் கண்டவை. நான் இங்கு எழுத வந்தது அவ்வெள்ளத்தைப் பற்றியன்று; வெள்ளத்தில் வண்டி ஏன் நிற்கிறது, நிற்காமலிருக்க நம் பட்டறைகளில் செய்துகொள்ளும் ஒரு குழாய் எத்தகையதாய் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியே. பட்டறைக்காரர்கள் அதனை ‘ஸ்னார்க்கல்’ என்கிறார்கள். கடலில் நீந்துவோர் வாயில் கவ்விக்கொள்ளும் குழாய்க்கும் அதே பெயர்தான். பிரெஞ்சு படித்த நம் ஊர்ப் பெரியவர்கள் அதனைத் ‘துய்பா’ என்பர். தமிழில் மூச்சுக்குழல் என்றே சொல்லிவிடலாம் என்பது என் கருத்து.

என் தாய்மாமனிடம் ஒரு பழைய மஹிந்திரா ஜீப் இருக்கிறது; நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. அதன் டீசல் எஞ்சின் 2112 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. பிரான்சு நாட்டின் பெழோ நிறுவனத்தார் வடிவமைத்து, உரிமம் பெற்று இந்தியாவில் செய்யப்பட்டது. (எங்கள் மெக்கானிக் அண்ணன் இதனை ‘பிஜோ எஞ்சின்’ என்பார். புதுவைக்கு ஏற்ற எஞ்சின்தான்!) எங்கள் தெருவில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டிய ஒரு முதியவர் இருக்கிறார். டிசம்பர் முதல் நாள் அவரை ஏற்றிக்கொண்டு மாமா புறப்பட்டார். தெரு முனையைத் தாண்டியதும் நீர் முன்விளக்கின் கண்ணாடியைத் தொட்டது. மாமா அங்கேயே வண்டியைப் பின்னோக்கி எடுத்துத் திரும்பிவிட்டார். அது சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆயினும் அந்த முதியவருக்கு அன்றைய சிகிச்சை நடக்கவில்லை. மறுநாள் நண்பகலுக்குப் பிறகு கால் வீங்கி, மூச்சிரைக்கும் நிலையில்தான் அவரைக் கொண்டுசெல்ல முடிந்தது. அன்று முதல் மாமாவுக்கு இந்தக் குழாய் நினைவுதான்.

“இரும்புன்னா இரும்புதான் மாப்ளே. பிளாஸ்டிக் வாளி வெயில்ல கெடந்தா என்ன ஆவுது, நீ பாக்கலியா?” என்பது மாமாவின் கட்சி. “இரும்பு துரு பிடிக்கும், மாமா, கடற்கரை ஊரு இது” என்பது என் கட்சி. மெக்கானிக் அண்ணன் இரு கட்சியிலும் சேராமல், “எதுல செஞ்சாலும் ஜாயிண்ட்டுதான் தம்பி முக்கியம்” என்றார். மூவர் சொன்னதையும் இயற்பியல் கண்கொண்டு சற்றே ஆராய்வோம்.

எஞ்சின் குடிக்கும் ஒரு பாலாடை நீர்

எஞ்சின் எரிபொருளை மட்டும் உண்பதில்லை. எரிபொருளைவிடப் பன்மடங்கு காற்றை உண்கிறது. மாமாவின் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் ஆதலால் இரு சுற்றுக்கு ஒரு முறைதான் முழுக் கொள்ளளவையும் உறிஞ்சும். எனவே 2.112 லிட்டரை 1500-ஆல் பெருக்க, நிமிடத்துக்கு 3168 லிட்டர் ஆகிறது. சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுமையாக நிரம்பாது; 85 விழுக்காடு நிரம்புவதாக வைத்துக்கொண்டால் நொடிக்கு 45 லிட்டர் காற்று. அதாவது இரண்டு பெரிய குடம் நிறைய காற்றை ஒவ்வொரு நொடியும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

அவ்வளவு வேகமாக இழுக்கும் வாயருகே நீர் வந்தால் அதையும் சேர்த்தே இழுக்கும். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. இந்த எஞ்சினின் சிலிண்டர் ஒன்றின் கொள்ளளவு 528 க.செ.மீ. டீசல் எஞ்சின் இக்காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்குகிறது. 22 மடங்கு என்று கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 25 க.செ.மீ. மட்டுமே. கைக்குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் கொள்ளும் அளவு அது. அந்த அளவுக்கு மேல் நீர் புகுந்துவிட்டால் பிஸ்டன் உச்சியை அடையவே முடியாது. மற்ற சிலிண்டர்களும் சுழலும் பளுச்சக்கரமும் அதனை விடாது தள்ளும். விளைவு? கனெக்டிங் ராடு வளையும். சில வேளை முறிந்து எஞ்சின் பக்கவாட்டையே உடைத்துக்கொண்டு வெளிவரும். பெட்ரோல் எஞ்சினில் நெருக்கம் பத்து மடங்கு அளவே ஆதலால் மிஞ்சும் இடம் இதைப்போல் இரு மடங்கு. அங்கும் இதே கதைதான், சற்றுத் தாமதமாக.

நீரில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் சாவி போட்டு முடுக்குவதுதான் பெருங்கேடு. தானாக நின்றபோது தப்பிய ராடு, ஸ்டார்ட்டர் மோட்டாரின் ஒரே உந்தலில் வளைந்துவிடக்கூடும். தள்ளிக்கொண்டு வந்து, டீசல் வண்டியானால் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் சுற்றி, உள்ளிருக்கும் நீர் அத்துளைகள் வழியே பீய்ச்சியடித்து வெளியேறிய பின்பே வேறு வேலை. பொதுவாகச் சாதாரணக் காப்பீட்டில் இவ்வகைச் சேதத்துக்கு ஈடு தரப்படுவதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியே கட்டணம் கட்டியிருக்க வேண்டும். மாமாவின் வண்டி வயதுக்கு அதைத் தர முன்வருவார் இல்லை.

இக்குழாயின் பூர்வீகம் கடலுக்கு அடியில் உள்ளது. நீர்மூழ்கிக் கப்பலிலும் டீசல் எஞ்சின்தான். அதற்குக் காற்று வேண்டிக் கப்பல் அடிக்கடி நீர்மட்டத்துக்கு மேல் வரவேண்டியிருந்தது. டச்சுக் கடற்படையினர் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே நீண்ட குழாய் ஒன்றை அமைத்தனர். 1940-இல் ஹாலந்தைப் பிடித்த ஜெர்மானியர் அதனைத் தமதாக்கிக்கொண்டு, போரின் பிற்பகுதியில் தங்கள் கப்பல்களில் பொருத்தினர். ‘ஸ்னார்க்கல்’ என்பதும் ஜெர்மன் சொல்லே. அலை வந்து குழாய் வாயை மூடும்போதெல்லாம் எஞ்சின் கப்பலுக்குள் இருந்த காற்றையே இழுக்க, உள்ளே இருந்தோரின் காது விண்விண்ணென்று வலிக்குமாம். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கிய நேச நாட்டு ஜீப்புகளும் காற்றுக்கும் புகைக்கும் நிமிர்ந்த குழாய்கள் பொருத்தப்பட்டு அலையில் இறங்கின.

அவ்வளவு தூரம் போவானேன்? பாகூர் வயலில் சேறு உழும் பழைய டிராக்டரைப் பாருங்கள். எஞ்சின் மூடிக்கு மேலே ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கும். அதன் தலையில் ஒரு குவளை கவிழ்ந்திருக்கும். புழுதியைச் சுழற்றி ஒதுக்கிவிட்டுக் காற்றை மட்டும் கீழே அனுப்பும் குவளை அது. ஆரோவில் பக்கத்துச் செம்மண் சாலையில் முன்னால் ஒரு லாரி போகும்போது பின்னால் போகிறவருக்குத் தெரியும், உயரத்திலிருந்து காற்றெடுப்பதன் அருமை. ஆகவே மூச்சுக்குழல் என்பது வெள்ளத்துக்கு மட்டும் உரியதன்று, புழுதிக்கும் பயன்படும்.

எவ்வளவு பெரிய குழாய்?

இரும்பா பிளாஸ்டிக்கா என்று வழக்காடுவதற்கு முன் விட்டத்தை முடிவு செய்தாக வேண்டும். பலர் இதைச் சிந்திப்பதில்லை. பட்டறை மூலையில் எது கிடக்கிறதோ அதை எடுத்து வளைத்துவிடுகிறார்கள். நொடிக்கு 45 லிட்டர் காற்று 40 மி.மீ. உள்விட்டம் உள்ள குழாயில் போக வேண்டுமானால் நொடிக்கு 36 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். புயற்காற்றின் வேகம் அது. 60 மி.மீ. குழாயில் அதுவே 16 மீட்டராகக் குறையும், 69 மி.மீ.-இல் 12 மீட்டர். குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே 40 மி.மீ. குழாயின் இழப்பு 60 மி.மீ. குழாயைவிட ஐந்து மடங்கு. வண்டியின் இழுவை இதனால் பெரிதாகக் குறைந்துவிடாது என்பது உண்மையே. ஆனால் உள்ளே உறிஞ்சல் கூடக்கூட, இணைப்பில் இருக்கும் மயிரிழை இடைவெளியிலும் வெளிநீரை இழுக்கும் வலிமை கூடுகிறது. குறுகிய குழாயின் உண்மையான தீங்கு அதுதான். டர்போ பொருத்திய எஞ்சினுக்கு இன்னும் அதிகக் காற்று வேண்டும். அவர்கள் இக்கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

வளைவும் அவ்வாறே. வீட்டுக் குழாய் வேலைக்கு விற்கும் எல்போ செங்கோணமாகச் சட்டென்று திரும்புகிறது. அதற்குப் பதில் 45 பாகை வளைவுகள் இரண்டைச் சேர்த்தால் காற்று இடிபடாமல் திரும்பும். சைலன்சர் செய்யும் கடைகளில் குழாய்க்குள் மணலைக் கெட்டித்து நிரப்பி, சூடேற்றி, நசுங்காமல் வளைப்பார்கள். பழைய முறைதான்; ஆனால் அழகான வளைவு. பின்பு ஒரு மணல் துகளும் மிஞ்சாமல் உள்ளே கழுவுவது நம் பொறுப்பு.

இரும்பின் வழக்கு

‘இரும்பு’ என்று ஒரே சொல்லில் மாமா சொல்லிவிட்டார். கடைக்குப் போனால் அது மூன்று வேறு பொருள்களாகப் பிரிகிறது.

முதலாவது சாதாரண எம்.எஸ். குழாய். மலிவு, எந்த வெல்டிங் கடையிலும் ஒட்டித் தருவார்கள். ஆனால் நம் ஊரில் கடற்காற்றின் உப்பு இரும்பை விடுவதில்லை. வெளிப்புறம் பெயிண்ட் அடித்துக் காக்கலாம். உட்புறம்? அங்கே தூரிகை போகாது; போனாலும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியாது. மழைத்துளியும் ஈரக்காற்றும் நாள்தோறும் போய்வரும் குழாயின் உட்சுவரில் துரு செதில் செதிலாய்ப் பெயரும். குழல் காற்று வடிகட்டிக்கு முன்னால் இருப்பதால் அச்செதில்கள் வடிகட்டியில் தங்கிவிடும், எஞ்சினுக்குள் போகாது. ஆயினும் வடிகட்டி சீக்கிரம் அடைபடும். வெல்டிங் செய்யும்போது உள்ளே ஒழுகி உறையும் இரும்புத் துளிகளும் அப்படியே பின்னாளில் உதிரும்.

இரண்டாவது ஜி.ஐ. குழாய். துத்தநாகப் பூச்சு இருப்பதால் துருப்பிடிக்காது என்று எண்ணி இதைத் தேர்ந்தெடுப்பவர் பலர். ஒட்டும் இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோய்விடுகிறது. துரு அங்கேயே தொடங்குகிறது. பூச்சு எரியும் வெண்புகையைச் சுவாசிக்கும் வெல்டருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் காணும். நம் வண்டியின் மூச்சுக்காக இன்னொருவர் மூச்சைக் கெடுப்பது முறையன்று. இதனை நான் அறவே ஒதுக்குகிறேன்.

மூன்றாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நம் வீட்டார் மொழியில் எவர்சில்வர். 63 மி.மீ. வெளிவிட்டமும் 1.5 மி.மீ. தடிப்பும் உள்ள குழாய், ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு மூன்றரைக் கிலோ எடை வரும். ஆர்கான் வெல்டிங் தெரிந்தவர் ஒட்ட வேண்டும், கூலி கூடுதல். கடற்காற்றில் இதன் மேலும் தேநீர்க் கறைபோல் பழுப்பு படரும், குறிப்பாக ஒட்டிய இடங்களில். தேய்த்தால் போய்விடும், ஓட்டை விழச் செய்யும் துரு அன்று.

உலோகக் குழாய் அனைத்துக்கும் பொதுவான ஒரு நோய் உண்டு. எஞ்சின் ரப்பர் மெத்தையின் மேல் ஆடிக்கொண்டிருக்கிறது. வண்டியின் கூடு வேறு விதமாக ஆடுகிறது. இரண்டையும் விறைத்த இரும்பால் பிணைத்துவிட்டால் ஆட்டம் முழுவதும் வெல்டிங் விளிம்பில் வந்து சேரும். சில மாதங்களில் அங்கே மயிர்க்கோடு போல வெடிப்பு காணும். கண்ணுக்குத் தெரியாத அவ்வெடிப்பு வெள்ளத்தில்தான் தன்னை வெளிப்படுத்தும். ஆகையால் வடிகட்டி டப்பாவுக்கும் குழாய்க்கும் இடையே ஒரு சாண் நீளமாவது கெட்டியான ரப்பர் ஹோஸ் இருந்தே தீரவேண்டும்.

பிளாஸ்டிக்கின் வழக்கு

வெளிநாடுகளில், சிறப்பாக ஆஸ்திரேலியாவில், தொழிற்சாலைகள் செய்யும் மூச்சுக்குழல்கள் பெரும்பாலும் பாலிஎதிலீனால் ஆனவை. அச்சுக்குள் தூளைக் கொட்டிச் சூடேற்றிச் சுழற்றி, இணைப்பே இல்லாத ஒரே உருவாக வார்க்கிறார்கள். வெயிலைத் தாங்கும் சேர்க்கையும் கரும்புகைத் தூளும் அதில் கலந்திருக்கும். மரக்கிளை மோதினால் வளைந்து நிமிரும். தன் வண்டிக்கென்றே வார்த்த இத்தகைய குழல் கிடைக்குமானால் மறு பேச்சின்றி அதையே வாங்குங்கள் என்பேன். மாமாவின் ஜீப்புக்குப் பொருந்துவது எங்களுக்குக் கடையில் கிடைக்கவில்லை. எனவே வீட்டில் செய்யும் பிளாஸ்டிக் என்றால் அது பி.வி.சி. குழாய்தான்.

பி.வி.சி.யின் நன்மைகள் பல. 75 மி.மீ. குழாய் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். உள்விட்டம் 69 மி.மீ. அளவு இருப்பதால் காற்றுக்குத் தாராளம். துரு என்ற பேச்சே இல்லை. அறுக்க ஒரு ரம்பம், ஒட்ட ஒரு சிறு டப்பா பசை போதும். வேலை ஒரே மாலையில் முடியும். பசை முறையாகக் காய்ந்தால் இணைப்பு உருகி ஒன்றாகிவிடுகிறது. வெல்டிங்கைவிட நீர்ப்பிடிப்பானது என்றே சொல்லலாம். எடை ஒன்றரைக் கிலோதான்.

குறைகள் மூன்று. ஒன்று, வெப்பம். பி.வி.சி. ஏறத்தாழ 80 பாகையில் இளகிவிடும். அறுபதுக்கு மேலேயே தளரத் தொடங்கும். எஞ்சின் அறைக்குள், புகைபோக்கிக்குப் பக்கத்தில், சித்திரை வெயிலில் நெரிசலில் நிற்கும் வண்டியில் இவ்வெப்பம் அரிதன்று. அங்கே குழாய் தொய்ந்து, இணைப்பு விலகும். இரண்டு, வெயில். வெளியே நிற்கும் குழாய் இரண்டு மூன்று கோடைகளில் வெளிறி நொறுங்கும் தன்மை அடைகிறது. கல் தெறித்தால் வளையாது, சில்லாக உடையும். மாமாவின் வாளி உவமை இந்த இடத்தில் முற்றிலும் பொருந்துகிறது. பெயிண்ட் அடித்தால் ஆயுள் கூடும். மூன்று, நீட்சி. ஒன்றேகால் மீட்டர் பி.வி.சி. குழாய் காலைக் குளிருக்கும் நண்பகல் சூட்டுக்கும் இடையே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளும். எவர்சில்வர் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. மேலும் கீழும் இறுக்கிப் பூட்டிவிட்டால் அந்த நீட்சி இணைப்பைத்தான் தின்னும்.

கருப்பு எச்.டி.பி.இ. குழாய் வெயிலைத் தாங்கும், நொறுங்காது. ஆனால் அதில் எந்தப் பசையும் ஒட்டாது. சூடேற்றி உருக்கித்தான் சேர்க்க வேண்டும். அக்கருவி கைவசம் உள்ளவருக்கு அது நல்ல பொருள்.

வெயிலில் இரும்புக் குழாய் காய்ந்தால் உள்ளே போகும் காற்றும் சூடாகி எஞ்சின் சக்தி குறையும் என்று சிலர் வாதிடுகின்றனர். இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒன்றரை மீட்டர் நீளமும் 63 மி.மீ. அகலமும் உள்ள குழாய் வெயிலுக்குக் காட்டும் முகப்பு ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சதுர மீட்டருக்கு 1000 வாட் என்று உச்சி வெயிலைக் கொண்டாலும் அதில் விழுவது 100 வாட்டுக்குள்தான். நொடிக்கு 45 லிட்டர் காற்றை ஒரு பாகை சூடேற்ற 52 வாட் வேண்டும். ஆக விழும் வெயில் முழுவதும் காற்றுக்கே போய்ச் சேர்ந்தாலும் ஏறுவது இரண்டு பாகைக்குள்! சூரியன் கொடுப்பதற்கு மேல் குழாய் கொடுக்க முடியாதல்லவா? நின்றிருந்த வண்டியை எடுத்ததும் முதல் சில நொடிகள் சூடான காற்று வரும், அவ்வளவே. எஞ்சின் அறைக்குள் ஓடும் பகுதிக்கு மட்டும் வெப்பத் தடுப்புத் துணி சுற்றுவது நன்று.

இணைப்பும் தலையும்

மெக்கானிக் அண்ணன் சொன்னதற்கு இப்போது வருகிறேன். குழாயில் ஓட்டை இல்லாவிட்டாலும், குழாய் முடிந்து வண்டியின் பழைய உறுப்புகள் தொடங்கும் இடத்தில் ஓட்டை இருந்தால் பயனில்லை. வடிகட்டி டப்பாவின் மூடி, அதன் ரப்பர் வளையம், டப்பாவின் அடியில் தூசி வடிய வைத்திருக்கும் ரப்பர் வாய், ஹோஸின் உட்பக்கம் ஆகிய நான்கும் சோதிக்கப்பட வேண்டும். நான்காண்டுகள் காய்ந்த ஹோஸ் வெளியே பளபளக்கும். வளைத்துப் பார்த்தால் மடிப்பில் விரிசல் சிரிக்கும். எம்-சீல் அப்பி மூடிய இணைப்பைக் கண்டால் நம்பாதீர்கள்; அது ஆடும் இடத்துக்கான மருந்து அன்று.

சோதனை எளியது. எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் விட்டுவிட்டுக் குழலின் வாயை ஒரு பலகைத் துண்டால் மூட வேண்டும். (உள்ளங்கையை வைக்க வேண்டாம், இழுப்பு பொல்லாதது.) வேறு வழியில் காற்று வராதிருந்தால் சில நொடிகளில் எஞ்சின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ ஓட்டை உள்ளது என்று பொருள். காற்று நுழையும் அந்த இடத்தில்தான் நாளை நீரும் நுழையும்.

மாதிரிக்காக முதலில் பி.வி.சி. குழாயை வெட்டி, எஞ்சின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, மூவருமாக இணைத்துப் பார்த்தோம். பலகையால் மூடினோம். எஞ்சின் நிற்கவில்லை! சோப்பு நுரையைத் தடவித் தேடினோம். இழுக்கும் பக்கம் ஆதலால் நுரை குமிழாமல் உள்ளே மறையும். வடிகட்டி டப்பா மூடியின் ஒரு கிளிப் தளர்ந்திருந்தது. புது ரப்பர் வளையம் போட்டு, கிளிப்பை மாற்றியதும், மூடிய மூன்றாவது நொடியில் எஞ்சின் நின்றது. மாமா கைதட்டினார். குழாய்க்குச் செலவிட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கு விலையுள்ள ரப்பர் வளையம் அது.

தலை எப்பக்கம் பார்க்க வேண்டும் என்பதிலும் பூசல் உண்டு. முன்னோக்கியிருந்தால் ஓடும் வேகத்தில் காற்று தானே புகும் என்பார்கள். நம் ஊர் ஓட்டத்தில், மணிக்கு நாற்பது கிலோமீட்டரில், அந்த அழுத்தம் ஏழு மில்லிமீட்டர் நீர்த்தம்ப அளவே, பொருட்படுத்த வேண்டியதில்லை. அடைமழையில் முன்னோக்கிய வாய் மழையையும் சேர்த்தே விழுங்கும். தொழிற்சாலைத் தலைகளில் நீரை ஒதுக்கும் பிளவுகள் உண்டு. வீட்டில் செய்வதற்குப் பின்னோக்கிய வாயோ டிராக்டர்க் குவளையோ போதும். பழைய ஜீப்பில் இன்னொரு சங்கடம்: குழலைக் கண்ணாடிச் சட்டத்தோடு பூட்டினால் கண்ணாடியை மடிக்க முடியாது. மாமா அதை மடித்து நான் பார்த்ததே இல்லை. இருப்பினும் நெடுநேரம் வருந்தினார்.

குழல் இருந்தால் எவ்வளவு ஆழம்?

இங்கேதான் ஆசை அறிவை மீறுகிறது. 2020-இல் வந்த மஹிந்திரா தார் வண்டிக்கு, மூச்சுக்குழல் இல்லாமலே, நிறுவனம் சொல்லும் நீர் ஆழ வரம்பு 650 மி.மீ. 2021-இல் வந்த ஃபோர்ஸ் குர்காவுக்குத் தொழிற்சாலையிலேயே குழல் பொருத்தி வருகிறது. அதன் வரம்பு எவ்வளவு தெரியுமா? 700 மி.மீ.தான். குழலின் வாயோ கூரை உயரத்தில் இருக்கிறது! ஏன் இத்தனை அடக்கம்? நீர் புகும் வழிகள் வேறு பல இருப்பதால்தான்.

ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் அதனுள் இருக்கும் காற்று சுருங்குகிறது. மேலே உள்ள மூச்சுத்துளை வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ வெளிநீரை உறிஞ்சிக்கொள்கிறது. எண்ணெய் பால்போல் வெளுத்து, பல்சக்கரங்கள் தேய்கின்றன. கியர் பெட்டிக்கும் இதே கதி. அடுத்து, விசிறி. நீரில் மூழ்கிச் சுழலும்போது அதன் இதழ் முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரைக் கீறிவிடும். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், புதிய வண்டியானால் மின்னணுப் பெட்டி என வரிசை நீளுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆர்க்கிமிடீஸ் இருக்கிறார். வண்டியின் தரை ஒன்றரை மீட்டர் அகலமும் மூன்றரை மீட்டர் நீளமும் என்று கொண்டால், தரைக்கு மேல் நீர் பத்து சென்டிமீட்டர் ஏறும்போதே அரை டன்னுக்கு மேல் மேல்நோக்கித் தூக்குகிறது. முப்பது சென்டிமீட்டர் ஏறினால் ஒன்றரை டன். பழைய ஜீப்பின் ஓட்டைகள் வழியே நீர் உள்ளே வந்து வண்டியை மீண்டும் அமர்த்தும். அதற்குள் சக்கரங்கள் பிடிப்பை இழந்திருக்கும். நீர் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டடி ஆழமே பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லப் போதுமானது. ஆகவே கிருஷ்ணா நகரின் ஐந்தடி நீரில் எந்தக் குழலும் உதவியிராது, அங்கே படகுதான். எங்கள் தெரு முனையில் இருந்த இரண்டரை அடி தேங்கிய நீர், முந்நூறு மீட்டர் தூரம், அடித்தரை தெரிந்த தார்ச்சாலை; அத்தகைய இடத்துக்குத்தான் இது. அங்கும் நடக்கும் வேகத்துக்கு மேல் போகலாகாது.

சட்டத்தையும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் இதனை உறுதிப்படுத்தியது. குழல் அந்த விவரங்களைத் தொடுகிறதா என்பதைப் போக்குவரத்துத் துறையிடமே எழுத்து மூலம் கேட்டுவிடுவது நல்லது. அதனால் மாமா விண்ணப்பம் எழுதியிருக்கிறார். விடை கிடைக்கும்வரை தகட்டில் துளையிடுவதில்லை என்பதும் முடிவு.

இறுதியில் எது? எங்கள் வண்டிக்கு எவர்சில்வர்க் குழாய்தான் என்று நான் சொன்னேன். வெளியே நிமிரும் பகுதி முழுவதும் ஒரே வளைவுக் குழாய். ஒட்டு இரண்டே இடத்தில். உள்ளே எஞ்சின் அறையில் ஒரு சாண் ரப்பர் ஹோஸ். ஒவ்வொரு முனையிலும் இரண்டிரண்டு கிளிப். கண்ணாடிச் சட்டத்தில் பூட்டும் இடத்தில் ரப்பர் வளையம். “பாத்தியா, இரும்புதான் ஜெயிச்சுது” என்றார் மாமா. “அது எவர்சில்வர், மாமா” என்றேன். வேறொருவர் பணத்தட்டுப்பாட்டில் பி.வி.சி.யைத் தேர்ந்தால் அதையும் குறை சொல்ல மாட்டேன். எஞ்சின் அறைக்குள் மட்டும் அதைக் கொண்டுபோகாமல், வெளிப்பகுதிக்குப் பெயிண்ட் அடித்து, மூன்று கோடைக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும்.

குழாய் வளைத்து வந்துவிட்டது. மாமா வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்கு சுற்றிக் கிடக்கிறது. ஆக்சில் இரண்டுக்கும் கியர் பெட்டிக்கும் மூச்சுத்துளையிலிருந்து மேலே ஏற்ற வேண்டிய ரப்பர் குழாய் ஆறு மீட்டர் இன்னும் வாங்க வேண்டும். அதற்கு எந்த அலுவலகத்தின் விடைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை ஆதலால், ஐப்பசி பிறப்பதற்குள் அந்த வேலையை முதலில் முடித்துவிடுவதாக அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார்.